ஜன்னலோர மேசை

யார்க்ஷயர் டேல்ஸின் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கும் ஒரு பப். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி. வாசல் கரும்பலகையில் சேறு படிந்த பூட்ஸுகளுக்கும் நாய்களுக்கும் நல்வரவு எழுதியிருந்தது. உள்ளே பாதி மேசைகள் காலி. கல்லடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. மெனு அட்டையோடு வந்த இளம்பெண் என் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நீங்க மட்டும்தானா, லவ்?”

‘லவ்’ இங்கே கொஞ்சல் அல்ல. பஸ் ஓட்டுநரும் சொல்வார், மருந்துக்கடைக்காரரும் சொல்வார். நம் கொங்குப் பக்கத்துக் ‘கண்ணு’ மாதிரி. எனக்குச் சிக்கல் அந்த ‘மட்டும்தானா’வில். சமையலறைக் கதவுக்கும் கழிப்பறைக்குப் போகும் வழிக்கும் நடுவிலிருந்த சிறு மேசையில் என்னை உட்கார வைத்தாள். ஜன்னலோரத்தில் ஒரு மேசை காலியாக இருந்ததைக் காட்டினேன். அது முன்பதிவு என்றாள். ஒன்றேகால் மணி நேரம் சாப்பிட்டேன். அந்த மேசைக்கு யாரும் வரவில்லை. இடையில் ஒரு மனிதர் நாயோடு வந்தார். அவரும் தனியாள்தான். அடுப்பருகே மேசை கிடைத்தது. நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீரும் வந்தது.

இதைப் பெரிய அநியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவும் இல்லை. மேசைகளை எப்படி நிரப்புவது என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்று மாலை வீட்டில் அந்தப் பப்பைப் பற்றி வந்திருந்த மதிப்புரைகளைத் தேடிப் படித்தேன். இறைச்சி மென்மை, கிரேவி அருமை, உள்ளூர் ஏல் நான்கு வகை, நாய்க்கு இடம் உண்டு, கார் நிறுத்தலாம், குழந்தைகளுக்குத் தனி மெனு. தனியாக வரும் பெண்ணை எங்கே உட்கார வைப்பார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. அவர்கள் எல்லோரும் ‘நாங்கள்’ என்றே எழுதியிருந்தார்கள்.

உணவக மதிப்புரை என்பது ஓர் இலக்கிய வகை. அதற்கென்று மரபும் குரலும் விடுபடல்களும் உண்டு. பிரிட்டனில் அந்த மரபின் முக்கியமான நூல் 1951இல் ரேமண்ட் போஸ்ட்கேட் தொடங்கிய ‘குட் ஃபுட் கைடு’. போருக்குப் பிந்தைய மோசமான உணவை எதிர்த்து, சாதாரணச் சாப்பாட்டுக்காரர்கள் அனுப்பிய குறிப்புகளைக் கொண்டே அது உருவானது. நிபுணரை விட்டுவிட்டு, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவரை நம்பியது; அது ஜனநாயகமான எண்ணம்தான். ஆனால் காசு கொடுக்கிறவர் யார், யாரை நோக்கிப் பில் நீட்டப்படுகிறது என்ற கேள்வி அந்த ஜனநாயகத்துக்குள் வரவில்லை. அதற்குப் பின் வந்த கையேடுகளும் நாளிதழ் மதிப்புரைகளும் பெரும்பாலும் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கின்றன. தட்டைப் பார்க்கின்றன. தட்டைச் சுற்றியுள்ள அறையை அலங்காரமாக மட்டும் பார்க்கின்றன.

நான் அறையைப் படிக்க விரும்புகிறேன். அதற்கு யார்க்ஷயர் நல்ல பாடநூல். இங்கிலாந்தின் பழைய கவுண்டிகளில் இதுதான் ஆகப் பெரியது. 1974இல் நிர்வாகத்துக்காகப் பல துண்டுகளாகப் பிரித்த பிறகும் மக்கள் மனதில் ஒன்றாகவே இருக்கிறது. பிரிட்டனிலேயே மிக உயரத்தில், 528 மீட்டரில், இருக்கும் டான் ஹில் பப் இங்கே இருக்கிறது. மிஷலின் நட்சத்திரம் பெற்ற கிராமத்துப் பப்களும், பிராட்ஃபோர்டின் கறி உணவகங்களும், சுரங்க ஊர்களின் தொழிலாளர் கிளப்களும் இங்கேதான்.

யார்க் நகரில் ஃபாஸ்கேட் தெருவில் புளூ பெல் என்ற சின்னப் பப் இருக்கிறது. 1903ஆம் ஆண்டின் உள்ளமைப்பு ஏறக்குறைய அப்படியே நிற்பதால் பாதுகாக்கப்பட்ட கட்டடம் அது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, பக்கத்தில் ஒடுங்கிய நடை, அந்த நடைக்குப் பரிமாறச் சுவரில் ஒரு சிறு சாளரம். பழைய பப்களை அழகு என்று வியப்பவர்கள் இந்தத் தடுப்புகளின் மரவேலையை வியக்கிறார்கள். தடுப்பு எதற்காக என்பதை அடுத்த கவுண்டியான லங்காஷயரின் போல்டன் நகரில் ‘மாஸ் அப்சர்வேஷன்’ ஆய்வாளர்கள் 1930களில் உட்கார்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். 1943இல் வெளிவந்த ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ நூல் அதன் விளைவு. வால்ட், டேப்ரூம் எனப்பட்ட எளிய அறைகள் ஆண்களுக்கு. பெண்கள் போகக்கூடியது பார்லர் அல்லது லவுஞ்ச். அங்கே மெத்தை இருக்கை இருக்கும். அதே பீருக்கு விலையும் ஒரு பென்னி கூட.

அந்த ஒரு பென்னியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பெண்ணை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே விட்டார்கள். ஆனால் மரியாதை என்ற பெயரில் ஓர் அறையை ஒதுக்கி, அந்த மரியாதைக்கு அவளிடமே கட்டணமும் வாங்கினார்கள். ஸ்னக் எனப்பட்ட குட்டி அறைகளும் அப்படித்தான். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பனிபடர்ந்தாற்போன்ற கண்ணாடி, கவுண்டரில் இருப்பவரின் கை மட்டும் தெரியும் சாளரம். பெண் குடிக்கலாம், குடிப்பது தெரியக்கூடாது. எங்கள் ஊர் ஹோட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று பலகை மாட்டிய, திரை போட்ட அறைகளில் என் அம்மா காற்றில்லாமல் தோசை சாப்பிட்டது நினைவுக்கு வருகிறது. கூடத்து மின்விசிறிகள் எல்லாம் ஆண்களின் தலைக்கு மேல் சுழன்றன. ஃபேமிலி ரூமைப் பெண்ணுக்குச் செய்த வசதி என்றுதான் நாங்களும் நம்பினோம்.

அறைகளின் கதையை அடுத்துச் சட்டத்தின் கதை. 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம், பப், உணவகம், விடுதி போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒருவரை மறுப்பதைத் தடை செய்தது. பெண் என்பதைக் காட்டி மறுப்பதைத் தடை செய்ய இன்னும் பத்தாண்டு ஆனது. பாலினப் பாகுபாட்டுச் சட்டம் 1975இல் வந்தது. என்னைப் போன்ற ஒருத்திக்கு இரண்டு சட்டமும் சேர்ந்தால்தான் ஒரு நாற்காலி. சட்டம் வந்ததும் நாற்காலி வந்துவிடவும் இல்லை. லண்டன் ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்கள் கூடும் எல் வினோ மதுக்கூடத்தில், பெண்கள் கவுண்டரருகே நின்று குடிக்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால்தான் பரிமாறுவோம் என்ற விதி சட்டத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. வழக்கறிஞர் டெஸ் கில்லும் பத்திரிகையாளர் அன்னா கூட்டும் வழக்குப் போட்டு, 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் வென்றார்கள். நின்றுகொண்டு ஒரு கோப்பை ஒயின் வாங்குவதற்கு ஒரு நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவைப்பட்டது. கவுண்டரில்தான் செய்தி பரிமாறப்படும், வேலை கிடைக்கும், ஆட்கள் அறிமுகமாவார்கள் என்பதை நினைத்தால் அது ஒயின் வழக்கே இல்லை என்பது புரியும்.

யார்க்ஷயரின் வழக்கு இன்னும் நீளமானது. தொழிலாளர் கிளப்கள் பப்கள் அல்ல. உறுப்பினர்களுக்குச் சொந்தமான தனியார் சங்கங்கள். அதனால் 1975ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. 1978இல் வேக்ஃபீல்டு நகரக் கிளப் ஒன்றில் ஷீலா கேப்ஸ்டிக் என்ற பெண், தான் வழக்கமாக ஆடிவந்த ஸ்னூக்கர் மேசையிலிருந்து விலக்கப்பட்டார். இனிப் பெண்கள் ஆடக்கூடாது என்பது குழுவின் முடிவு. அவர் தொடங்கிய இயக்கம், ஸ்னூக்கர் கோலைக் குறிக்கும் சொல்லை வைத்து, கருக்கலைப்பு உரிமைக்கான அன்றைய பெண்ணிய முழக்கத்தின் எதுகையில் தன் முழக்கத்தை அமைத்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே நடத்திய சண்டை அது. ஆனால் கோரிக்கை கனமானது: ஒரு கிளப்பின் உறுப்பினர் அட்டையோடு நாட்டின் மற்றக் கிளப்களுக்குள்ளும் போகும் உரிமை ஆண்களுக்கு இருந்தது; பெண்களுக்கும் அது வேண்டும். 1862இல் நிறுவப்பட்ட அந்தக் கிளப்களின் ஒன்றியம் பெண்களுக்குச் சம உரிமை தந்தது 2007இல். ஸ்னூக்கர் மேசையிலிருந்து சம உரிமைக்கு 29 ஆண்டுகள்.

எனக்குப் பக்கத்து வீட்டில் பார்ன்ஸ்லிப் பக்கத்துச் சுரங்கக் கிராமத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் ஊர்க் கிளப்புக்குள் போகும்போதெல்லாம் கணவர்தான் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டுமாம். “கோட்டைக் கழட்டி வைக்கிற மாதிரிதான். அவரு கொண்டு வந்தாரு, அவரு எடுத்துட்டுப் போனாரு” என்றார். 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின்போது அதே கிளப்பின் சமையலறையில் பெரிய பானைகளில் உருளைக்கிழங்கு வேகவைத்தது அவரும் அவருடைய தோழிகளும்தான். பார்ன்ஸ்லியில் உருவான ‘சுரங்க மூடலுக்கு எதிரான பெண்கள்’ அமைப்பும், கவுண்டி முழுக்க நலக்கூடங்களிலும் கிளப்களிலும் தோன்றிய பொதுச் சமையலறைகளும் இன்று வரலாற்று நூல்களில் இருக்கின்றன. அந்த ஓராண்டு ஊருக்கே சோறு போட்ட கூடத்தில், போட்டவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வேலைநிறுத்தம் முடிந்து குழு கூடியபோது என்ன ஆனது என்று கேட்டேன். “பானையெல்லாம் எங்கே வச்சீங்கன்னு எங்ககிட்டே கேட்டாங்க” என்றார்.

வெளியே சாப்பிடுவது என்றால் இரவில் திரும்பி வருவதும்தான். மதிப்புரைகள் உணவகத்தின் கதவோடு முடிந்துவிடுகின்றன. பெண்ணின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யார்க்ஷயரில் இந்தக் கணக்குக்கு ஒரு தேதி உண்டு. 1975 முதல் 1980 வரை பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். பெரும்பாலும் லீட்ஸ், பிராட்ஃபோர்டு சுற்றுவட்டாரத்தில். இருட்டிய பிறகு தனியே வெளியே போகாதீர்கள் என்று காவல்துறை பெண்களுக்கு அறிவுரை சொன்னது. கொலைகாரன் ஆண். ஊரடங்கு பெண்களுக்கு. இதைக் கேட்டுத்தான் 1977 நவம்பர் 12 அன்று லீட்ஸில் பெண்கள் ‘இரவை மீட்போம்’ என்று தெருவில் இறங்கினார்கள். அதே இரவில் வேறு பல ஊர்களிலும் நடந்தார்கள். அந்த ஐந்தாண்டுகளில் வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களை, பப்பில் பீர் ஊற்றிக்கொடுத்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸுக்கு ஓடிய பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். வாடிக்கையாளராக வராதே என்று பெண்ணிடம் சொல்ல முடிந்த ஊர், பரிமாறவும் வராதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆண்களின் மாலையும் சேர்ந்து நின்றிருக்கும்.

இருட்டு மறுக்கப்பட்டவளுக்குப் பகலில் கொடுக்கப்பட்டது தேநீரகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து நகரங்களில் தேநீரகங்கள் பெருகியபோது, ஆண் துணையில்லாமல் ஒரு பெண் போய் உட்காரக்கூடிய பொது இடம் முதன்முறையாகப் பரவலாகக் கிடைத்தது. இது சின்ன மாற்றம் அல்ல. யார்க்ஷயரில் அந்த மரபின் சிகரம் பெட்டிஸ். 1919இல் ஹாரகேட்டில் தொடங்கியது. யார்க் கிளை 1930களில் ‘குவீன் மேரி’ கப்பலின் உள்ளழகை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. வெள்ளை ஏப்ரன், வெள்ளித் தேநீர்க் குடுவை, வாசலில் வரிசை. அங்கே தனியாகப் போன எனக்கு ஒருபோதும் ‘மட்டும்தானா’ கேட்கவில்லை. பெண்கள் தனியே உட்காருவது அந்த அறைக்கு நூறாண்டுப் பழக்கம்.

ஆனால் அங்கும் படிக்க ஒன்று இருக்கிறது. நிறுவியவர் ஃப்ரெடரிக் பெல்மாண்ட் என்ற சுவிஸ் மிட்டாய்க் கலைஞர். எங்கிருந்து வந்தார், எந்தக் கப்பலில் போனார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பெட்டி யார்? உறுதியாக யாருக்கும் தெரியாது. பல கதைகள் உலவுகின்றன. கடையும் அந்த மர்மத்தைச் சிரிப்போடு பேணி வருகிறது. வாசலில் ஒரு பெண்ணின் பெயர், கணக்குப் புத்தகத்தில் ஓர் ஆணின் பெயர். அந்தப் பெயர் வந்தவரை வரவேற்கிறது, நம்பிக்கை தருகிறது, வீட்டு நினைவைக் கொண்டுவருகிறது. ஆளாக இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. தேநீரகத்தின் சுதந்திரத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு: கையுறை அணிந்து வருபவளுக்கான சுதந்திரம் அது. என் பக்கத்து வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் இரண்டு முறை பெட்டிஸ் போயிருக்கிறார். இரண்டும் திருமண நாள்கள். இரண்டு முறையும் கணவரோடு.

பெண் பெயர் எப்படிக் காணாமல் போகிறது என்பதற்கு ஆங்கிலத்திலேயே சான்று இருக்கிறது. ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல் முதலில் ஏல் காய்ச்சும் பெண்ணைக் குறித்தது. ‘ஸ்பின்ஸ்டர்’ நூல் நூற்பவளைக் குறித்த மாதிரி. மத்திய கால இங்கிலாந்தில் ஏல் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் காய்ச்சியது, மிஞ்சியதை விற்றார்கள். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் எழுதிய நூல், 1300க்கும் 1600க்கும் இடையில் அந்தத் தொழில் எப்படிக் கைமாறியது என்று காட்டுகிறது. ஹாப்ஸ் சேர்த்த பீர் நாள்பட நின்றது. பெரிய பாத்திரம், முதல், கடன் எல்லாம் தேவைப்பட்டன. முதலும் கடனும் ஆண்களுக்குக் கிடைத்தன. தொழில் லாபமானதும் பெண்கள் விலகிப்போனார்கள் என்பதைவிட, பெண்கள் விலக்கப்பட்டதும் அது ‘தொழில்’ ஆனது என்பதே சரி. இன்று டாட்காஸ்டரிலும் மாஷமிலும் உள்ள புகழ்பெற்ற மதுவடிப்பாலைகள் தாங்கி நிற்கும் பெயர்கள் ஜான் ஸ்மித், சாமுவேல் ஸ்மித், தீக்ஸ்டன் குடும்பத்து ஆண்கள். பெண்ணுக்கு மிஞ்சியது சொல் மட்டும்: பப்களுக்கு உரிமம் தரும் நீதிபதிகளின் ஆண்டுக்கூட்டத்தை, இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை ‘ப்ரூஸ்டர் செஷன்ஸ்’ என்றே அழைத்தார்கள். தொழிலை எடுத்துக்கொண்டார்கள், பெயரை அந்தத் தொழிலை அனுமதிக்கும் மன்றத்துக்கு வைத்தார்கள்.

எந்தப் பப்பிலும் ஞாயிற்றுக்கிழமைத் தட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் யார்க்ஷயர் புட்டிங்கும் இப்படித்தான். மாவும் முட்டையும் பாலும் கலந்து, வறுபடும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பில் பொங்க விடுவது. பழைய வழக்கப்படி அதை முதலில், கிரேவி ஊற்றித் தனியாகப் பரிமாறுவார்கள். வயிறு பாதி நிறைந்துவிட்டால் இறைச்சி குறைவாகப் போதும். இது சுவை பற்றிய முடிவு அல்ல. கூலி குறைந்த வாரத்தில் எட்டுப் பேருக்கு ஒரு துண்டு மாட்டிறைச்சியை நீட்டிய பெண்ணின் கணக்கு. அந்தப் பெயரை நாடறியச் செய்த நூல் 1747இல் வந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல். அட்டையில் அவர் பெயர் இல்லை, ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று மட்டுமே இருந்தது. நூல் பெரிதாக விற்றது. எழுதியது ஓர் ஆண் மருத்துவர் என்று வதந்தி கிளம்பியது. பெண்களால் நல்ல சமையல் நூல் எழுத முடியாது என்ற பொருளில் சாமுவேல் ஜான்சன் பேசியதை பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். கிளாஸ் கடனில் மூழ்கித் தன் நூலின் உரிமையையே விற்றார். அவர்தான் எழுதினார் என்பதை 1938இல் நிறுவியவர் ஒரு வரலாற்றாசிரியர், மெடலின் ஹோப் டாட்ஸ் என்ற பெண்.

இப்போது இன்றைய மதிப்புரைகளுக்கு வருவோம். யார்க்ஷயரின் பெருமைமிகு சமையலறைகளைப் பற்றிப் பேசும்போது வந்துவிழும் பெயர்கள்: லீட்ஸில் பிறந்து இல்க்லியின் பாக்ஸ் ட்ரீயில் பயின்ற மார்கோ பியர் ஒயிட், ஹாரோமின் ஸ்டார் இன்னை எழுப்பிய ஆண்ட்ரூ பெர்ன், ஓல்ட்ஸ்டெட்டின் பிளாக் ஸ்வானில் டாமி பேங்க்ஸ். திறமைசாலிகள்தான், அதில் எனக்கு வாதமில்லை. அதே கவுண்டியில், நிட்டர்டேல் பள்ளத்தாக்கின் ராம்ஸ்கில் கிராமத்தில் யார்க் ஆர்ம்ஸ் என்ற விடுதியின் சமையலறையை நடத்தி, பல ஆண்டுகள் மிஷலின் நட்சத்திரத்தைக் காத்தவர் ஃபிரான்சஸ் அட்கின்ஸ். அவரைப் பற்றிய எழுத்தில் ‘பெண் செஃப்’ என்ற சொல் வராமல் இருப்பது அரிது. மற்ற மூவரையும் ‘ஆண் செஃப்’ என்று யாரும் எழுதுவதில்லை.

பாராட்டின் மொழியைக் கவனியுங்கள். ஆணின் சமையலுக்குத் துணிச்சல், நுட்பம், மேதைமை. பெண்ணின் சமையலுக்கு அன்பு, அரவணைப்பு, வீட்டுச் சுவை. பிராட்ஃபோர்டில் குஜராத்தி சைவ உணவகமான பிரசாத்தைக் கட்டியெழுப்பிய கௌஷி படேல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1992இல் சிறு பலகாரக் கடையாகத் தொடங்கி, பிறகு உணவகமாகி, 2010இல் கார்டன் ராம்சேயின் தொலைக்காட்சிப் போட்டியில் இரண்டாம் இடம் வந்தது. பிராட்ஃபோர்டின் பழைய கறிக்கடைகள் ஆலைகளில் இரவு ஷிஃப்ட் பார்த்த ஆண்களுக்காக ஆண்கள் தொடங்கியவை. வீட்டுப் பெண்களின் சமையல் அந்த வாசலைத் தாண்டி வர நாளாயிற்று. படேல் அதைத் தாண்டியவர். ஆனாலும் அவரைப் புகழ்ந்தவர்கள் பலருக்குக் கைக்குக் கிடைத்த சொல் ‘அம்மாவின் சமையல்’. நாமும் ‘கைமணம்’ என்போம். கை மணக்கிறது என்றால் பயிற்சி மறைந்துவிடுகிறது, கணக்கு மறைந்துவிடுகிறது, பத்துக் கிலோ மாவைப் பதம் பார்த்து நிறுத்தும் அறிவும் மறைந்துவிடுகிறது. மணத்துக்குக் கூலி கேட்க முடியாது.

இப்போது எல்லாம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. தடுப்புச் சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள். 2007 ஜூலையில் புகைத்தடை வந்தது. பீர் விற்று மட்டும் பிழைக்க முடியாத பப்கள் சாப்பாட்டுக்கு மாறின. சாப்பாடு வந்ததும் பெண்கள் வாடிக்கையாளர்களாக எண்ணப்பட்டார்கள். ஆனால் எந்த உருவில் எண்ணப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மனைவியாக, அம்மாவாக, தோழிகள் கூட்டமாக. மேசைகள் இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு. தனியாக வரும் பெண் இன்னும் கணக்கில் மிச்சமாக விழும் எண். தடுப்பை இடித்தார்கள், அந்த ஒரு பென்னி மட்டும் வேறு வடிவத்தில் நிற்கிறது: டாக்ஸிக் கட்டணமாக, சீக்கிரம் கிளம்பும் அரை மணி நேரமாக, கையில் புத்தகம் இல்லாமல் போனால் வரும் பார்வையாக.

கவுண்டருக்கு மறுபுறம் நிற்பவளை விட்டுவிட்டு என் நாற்காலியை மட்டும் பேசினால் இந்தக் கட்டுரையும் ஒரு மதிப்புரையாகிவிடும். என்னை ஓரத்தில் உட்கார வைத்த அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். நான் வைத்த டிப்ஸ் அவள் கைக்குப் போகும் என்பதற்குச் சட்ட உறுதி கிடைத்தது 2024 அக்டோபர் 1 முதல்தான்; அதுவரை முதலாளி அதில் கைவைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. அதே மாதம் 26 முதல், ஊழியர்கள் பாலியல் சீண்டலுக்கு ஆளாகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது முதலாளியின் கடமை என்று இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ‘லவ்’ என்று அவள் எல்லோரையும் அழைக்கலாம். எல்லோரும் அவளை அழைக்கும் ‘லவ்’ ஒரே மாதிரி இருக்காது.

எனவே நான் படிக்க விரும்பும் கையேடு இப்படி இருக்கும். இந்த இடத்தில் தனியே வருபவளுக்கு எந்த மேசை தருகிறார்கள். கார் நிறுத்துமிடத்தில் விளக்கு உண்டா. கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு. டிப்ஸை எப்படிப் பங்கிடுகிறார்கள். சமைத்தவரின் பெயர் மெனுவில் உண்டா, பாத்திரம் கழுவுபவரின் பெயர் முதலாளிக்குத் தெரியுமா. அதன் பிறகு கிரேவியைப் பற்றிச் சொல்லுங்கள். கிரேவியும் எனக்கு முக்கியம்தான்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னபோது, மேசை விரிப்பு போட்ட இடத்தில் தான் ஒருநாளும் தனியாகச் சாப்பிட்டதில்லை என்றார். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாருங்கள், இந்த ஞாயிறு நான் கூட்டிப்போகிறேன் என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“நீ வந்தா அது தனியா இருக்காதே, லவ்.”

அந்த ஞாயிறு மதியம் ஒரு பப் வாசலில் அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டேன். முன்பதிவை நான்தான் செய்திருந்தேன். ஒருவருக்கு, ஜன்னலோரம், என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். கோட்டைத் தானே மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கிரேவி தண்ணி. புட்டிங் பரவாயில்லை. மேசை ஜன்னலோரம்தான்.” சீட்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச தூரம் போன பிறகு சேர்த்துச் சொன்னார்: “அடுத்த வாரம் வேற இடம் பாரு.”